நீங்க போங்கடா

அன்புள்ள ஐயா,

சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர் போன அக்டோபரில் நேபாளம் போய் வந்தோம். காட்பாடியில் ரயிலேறி கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, பிறகு பொக்காரா. ஆளுக்கொரு முதுகுப்பை, அவ்வளவுதான். அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரை நடந்தோம். கடைசியாகச் சித்வன் காட்டில் இரண்டு நாள். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வழிகாட்டி, இருவர் கையிலும் மூங்கில் கம்பு மட்டும். ஒற்றைக்கொம்பு காண்டாமிருகத்தை நடந்துபோயே பார்த்தோம். புலி கண்ணில் படவில்லை.

ஒரே ஒரு வருத்தம். எங்களில் ஒருவன், குடியாத்தத்துக்காரன், கொஞ்சம் உடம்பு கனத்தவன். முதல் நாளிலிருந்தே மெதுவாகத்தான் வந்தான். பேஸ் கேம்ப் போகும் வழியில், தேவ்ராலி என்ற இடத்தில் அவனுக்குத் தலைவலி, வாந்தி. “நீங்க போங்கடா, நான் இங்கயே படுத்துக்கறேன்” என்று அவனேதான் சொன்னான். சூப் வாங்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் மூவரும் மேலே போய், இரவு தங்கி, மறுநாள் மதியம் இறங்கி வந்தோம். அதிலிருந்து அவன் சரியாகப் பேசவில்லை. ஊர் திரும்பியதும் வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில் சித்வனும் பாதி கெட்டது.

பயணக்கட்டுரை எழுதப் போகிறேன். எங்கிருந்து தொடங்குவது? இந்தச் சம்பவத்தைச் சேர்க்கலாமா, விட்டுவிடலாமா? அப்பா வேறு, “இங்க இருக்கற ஏலகிரியப் பாக்காதவன் இமயமலைக்குப் போயிட்டான்” என்கிறார். அடுத்த ஆகஸ்டில் கென்யாவின் மாசாய் மாரா காட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறோம், மூன்று பேர். அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஜவ்வாது மலையிலிருந்து திரும்பியிருந்தேன். மேலே எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் கருமாதி. பேருந்தில் வரும் வழியெல்லாம் அவர் ஒருமுறை எனக்குச் செய்ததையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கடிதத்தைத் திறந்தால் அதே விஷயம், தலைகீழாக. காத்திருக்கும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்குப் பதில் எழுதுவது அதனால்தான்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அப்பா சொன்னதற்கு வருத்தப்படாதீர்கள். ஏலகிரிக்கு மலைமேல் வரை பேருந்து போகிறது, அறுபது வயதிலும் ஏறிக்கொள்ளலாம். முழங்கால் நன்றாக இருக்கும் வயதில் அன்னபூர்ணாவுக்குப் போனது நல்ல காரியம். காசு சேர்த்து, ரயிலில் நாள்கணக்கில் உட்கார்ந்து, எல்லை தாண்டிப் போயிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் இப்படிப் போக ஆரம்பித்திருப்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். புலி படவில்லை என்பதெல்லாம் ஒரு குறையா? 2022 கணக்கெடுப்பில் சித்வனில் 128 புலிகள். ஆளை மறைக்கும் புல் நிற்கும் மாதத்தில் போய்விட்டு, இரண்டு நாளில் ஒன்று வந்து முகம் காட்ட வேண்டும் என்றால் எப்படி? காண்டாமிருகத்தைப் பார்த்தீர்களே, அது 1960களின் கடைசியில் அந்தக் காட்டில் நூறு அளவில்தான் மிஞ்சியிருந்தது. 1973இல் தேசியப் பூங்கா ஆக்கிக் காப்பாற்றினார்கள். 2021இல் எண்ணியபோது 694. அதைப் பற்றி எழுதுங்கள். கட்டுரையை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம், அது பெரிய கேள்வி இல்லை.

இனி தேவ்ராலிக்கு வருகிறேன்.

அவனுக்கு உடம்பு கனம், அதனால் முடியவில்லை என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். மலைநோய் உடற்பயிற்சி பார்த்து வருவதில்லை. தினமும் ஓடுகிறவனையும் அது படுக்கப்போடும். உண்மையில் வேகமாக ஏறுகிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம். வேலூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டரைச் சற்றே தாண்டும். தேவ்ராலி சுமார் 3,200. நீங்கள் போய்ப் படுத்த முகாம் 4,130. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இன்று இரவு படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. நீங்கள் மூவரும் ஒரே நாளில் 900 மீட்டர் ஏறிப் படுத்திருக்கிறீர்கள். உங்கள் உடம்பு தாங்கிக்கொண்டது. அதில் உங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

உயரத்தில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும்வரை அது மலைநோய்தான். பலருக்கு ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். சிலருக்கு மூளையில் நீர் கோக்கும், சிலருக்கு நுரையீரலில். நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவான். பேச்சு குழறும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இரைக்கும். பெரும்பாலும் இரவில்தான் முற்றும். சில மணி நேரத்தில் ஆள் போய்விடுவான். அதற்கு முதல் வைத்தியம் கீழே இறக்குவது. இரண்டு மூன்று மணி நேரம் இறங்கியிருந்தால் தோவன், 2,600 மீட்டர். அவ்வளவு போதுமானதாக இருந்திருக்கும்.

‘அவனேதான் சொன்னான்’ என்கிறீர்கள். தம்பி, மூளைக்கு ஆக்சிஜன் பற்றாதவன் சொல்வதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா? தனக்கு முற்றுகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. மலைநோய் வந்தவனைத் தனியே விடாதே என்ற விதி அதற்காகத்தான் இருக்கிறது. 1973இல் தொடங்கிய ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவர்கள் சீசன்தோறும் மனாங், பெரிச்சே என்ற மலையூர்களில் உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிற எல்லோருக்கும் வாய் வலிக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நோயை விடுங்கள். நம் பக்கத்தில் ஒருவன் “நீங்க போங்கடா” என்றால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாதா? கல்யாண வீட்டில் பந்தியில் இடம் பற்றவில்லை என்றால் சொல்வோம். பைக்கில் மூன்று பேர் ஏறிவிட்டால் நான்காவது ஆள் சொல்வான். தன்னால் மற்றவர்களுக்குக் கெடக் கூடாதே என்ற கூச்சத்தில் வரும் பேச்சு அது. உடனே “சரிடா” என்று கிளம்பிவிடுகிறவனை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். மூன்று பேரில் ஒருவராவது “நான் இருக்கேன், நீங்க ரெண்டு பேர் போயிட்டு வாங்க” என்று சொன்னீர்களா? கடிதத்தை இரண்டு முறை படித்துத் தேடினேன். இல்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் நானும் தங்கியிருக்கிறேன். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. பிற்பகலிலேயே வெயில் போய்விடும். கீழே மோதி ஆறு இரைந்துகொண்டே இருக்கும், கண்ணை மூடினால் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகும். பலகை அறை, இரட்டைப் போர்வை, ஒரு குண்டு பல்பு. கழிப்பறை வெளியே, படி முழுக்க ஈரம். வாந்தி வருகிறவன் அந்த இருட்டில் எத்தனை முறை எழுந்து போயிருப்பான்? யாரிடம் தமிழில் தண்ணீர் கேட்டிருப்பான்? இன்னொன்றும் சொல்கிறேன். தேவ்ராலிக்கு மேலே நீங்கள் போன பாதை பனிச்சரிவுக்குப் பேர்போனது. 2020 ஜனவரியில் தேவ்ராலிக்கு அருகே நான்கு கொரியர்களும் மூன்று நேபாளிகளும் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். அங்கே லாட்ஜில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக்கொடுத்தால் யாராவது இதைச் சொல்வார்கள். அவன் காதில் விழுந்திருந்தால், தன்னைப் பற்றிய பயத்தோடு உங்களைப் பற்றிய பயமும் சேர்ந்து அந்த இரவைக் கழித்திருப்பான். மறுநாள் மதியம் நீங்கள் சூரிய உதயப் படங்களோடு இறங்கி வந்திருக்கிறீர்கள். பிறகு, ‘முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்’ என்று எழுதுகிறீர்கள். எப்படி மனம் வந்தது?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரியும். பரவாயில்லை, படியுங்கள்.

நான் சிறுவயதிலிருந்தே வீசிங் உள்ளவன். கல்லூரி நாட்களில் ஒரு பங்குனி மாதம், நண்பர்களோடு அமிர்தியிலிருந்து ஜவ்வாது மலைமேல் நடந்து போனோம். விடிவதற்கு முன்பே கிளம்பினோம். வழக்கம்போல் நான் கடைசி. அவர்கள் சிரிப்பும் பேச்சும் மேலே எங்கோ கேட்கும், நான் ஒவ்வொரு மரமாகப் பிடித்துப் பிடித்து ஏறுவேன். கூப்பிடவும் மூச்சு இருக்காது. வழியில் ஒரு பெரியவர் சேர்ந்துகொண்டார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், கீழே சந்தையில் கடுக்காய் போட்டுவிட்டு, காலிச் சாக்கைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார். ஒரு சத்தம் கொடுத்து எல்லோரையும் நிறுத்தினார்.

“மூச்சு வாங்கற புள்ளையப் பின்னால வுட்டுட்டு எங்கடா ஓடறீங்க?” என்றார். என் கையைப் பிடித்து, எல்லோரையும் தாண்டிக் கொண்டுபோய், தனக்கு அடுத்த ஆளாக நிறுத்தினார். “இவன் நடந்தா நடங்க, இவன் நின்னா நில்லுங்க.”

நண்பர்களுக்கு எரிச்சல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் நிற்பேன், வரிசையே நிற்கும். பாதையில் இலுப்பைப் பூ கொட்டிக்கிடந்தது, அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒரு திருப்பத்துக்கு முன்னால் மறுபடி நின்றேன். என் இரைப்பு அடங்கியபோதுதான் அது கேட்டது. உறிஞ்சி உறிஞ்சி ஊதுகிற ஒரு சத்தம். பெரியவர் கையைப் பின்னால் நீட்டி விரலை அசைத்தார், யாரும் அசையவில்லை. பாதையோரம் ஒரு கறையான் புற்று, பாதி தோண்டிக் கிடந்தது. செம்மண் உள்ளே ஈரமாக இருந்தது, நகங்கள் இழுத்த கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. சத்தம் நின்றது. திருப்பத்துக்கு அப்பாலிருந்து கரடி வெளியே வந்தது. முதுகு மயிரைப் பிடித்துக்கொண்டு குட்டி ஒன்று கவிழ்ந்து படுத்திருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. பாதையைக் குறுக்கே கடந்து சரிவில் இறங்கிப் போய்விட்டது.

கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம், மூக்குதான் கூர்மை. தின்னும் மும்முரத்தில் இருக்கும்போது நாம் திடீரென்று அருகில் போய்விட்டால் பதறி எழுந்து முகத்தைப் பிறாண்டும். குட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம். என்னைப் பின்னால் விட்டுவிட்டு வேகமாகப் போயிருந்தால் என் நண்பர்கள் அந்தத் திருப்பத்தில் அதன்மேலேயே போய் இடித்திருப்பார்கள். அதை அவர்களில் ஒருவன்தான் அன்று மாலை சொன்னான், நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் எந்த மலைக்குப் போனாலும் நான்தான் முன்னால். யாரும் அதை ஒரு சலுகையாகச் செய்யவில்லை. என் வேகத்தில் நடந்ததால்தான் அவர்கள் தேவாங்கையும் மலபார் அணிலையும் பார்த்தார்கள்.

இதே ஏற்பாட்டைத்தான் நீங்கள் சித்வனில் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அங்கே காட்டுக்குள் நடக்க இரண்டு வழிகாட்டிகள் கட்டாயம். முன்னால் போகிறவர் விலங்கைப் பார்க்க. பின்னால் வருகிறவர் எதற்கு? உங்களில் யாரும் பின்தங்கிவிடாமல் இருக்க. காண்டாமிருகம் வந்தால் மரத்தில் ஏறு, கரடி வந்தால் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நில் என்று கிளம்பும் முன் சொல்லியிருப்பார்களே, ஒன்றாக நிற்க முதலில் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? வெறும் மூங்கில் கம்போடு உங்கள் முதுகைக் காத்துக்கொண்டு வந்த அந்த மனிதரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு பத்தியாவது எழுதுங்கள். அவர் எவ்வளவு தூரம் விட்டு நடந்தார், யாருக்காக நின்றார், எப்போது திரும்பிப் பார்த்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பவத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். அந்த இரவு அவனுக்குச் சொந்தமானது. அவன் சொல்லாமல் நீங்கள் எப்படி எழுதுவீர்கள்? உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கொடுத்த சூப்பும் திரும்பி வந்த நேரமும்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போங்கள். போனில் பேச வேண்டாம், குரல் செய்தியும் வேண்டாம். மூன்று பேரும் கும்பலாகப் போய் அவனைச் சங்கடப்படுத்தாதீர்கள், முதலில் நீங்கள் மட்டும் போங்கள். கதவைத் திறந்ததும் மன்னிப்பு என்று ஆரம்பிக்காமல், அன்று ராத்திரி எப்படிடா இருந்தது என்று கேளுங்கள். அவன் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். ‘நீதானே போகச் சொன்னே’ என்பது மட்டும் உங்கள் வாயில் வரக் கூடாது. அவன் அம்மா சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் மோசமான பிள்ளை இல்லை. மோசமானவர் என்றால் எனக்கு இதை எழுதியிருக்கவே மாட்டீர்கள், உறுத்தியதால்தான் எழுதியிருக்கிறீர்கள்.

மாசாய் மாராவுக்கு ஆகஸ்ட் நல்ல மாதம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பக்கத்துத் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடந்து வரும். தங்குமிடத்துக்கும் ஜீப்புக்கும் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். நான்கு பேர் என்று முடிவானால் எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். மூன்று பேர்தான் என்றால் அதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

அன்புடன்.