சிறிய அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: என்னிடம் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனல் ஒன்றுக்கு 50 வாட் தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர் இருக்கிறது. 6 ஓமுக்குக் குறைந்த ஸ்பீக்கர்களை இணைக்க வேண்டாம் என்று அதன் கையேடு கூறுகிறது. அறை 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம். எண்பதுகளின் திரைப்பாடல்களும் கர்நாடக இசையும் விரும்பிக் கேட்பேன். 89 டெசிபெல், 4 ஓம், தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர்களும் 86 டெசிபெல், 8 ஓம் புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர்களும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கின்றன. இரண்டிலும் 100 வாட் என்று குறித்திருப்பதால் என் ஆம்ப்ளிபையர் போதுமா என்ற ஐயமும் உண்டு. எதை வாங்கலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: தயங்காமல் சிறிய புக் ஷெல்ஃப் ஜோடியை வாங்குங்கள்.

100 வாட் என்பது அந்த ஸ்பீக்கர் தாங்கக்கூடிய அளவு. அது பாடுவதற்கு அவ்வளவு வேண்டும் என்று பொருளில்லை. 86 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 86 டெசிபெல் ஒலி கிடைக்கும். தாங்கள் சுமார் 2 மீட்டர் தள்ளி அமர்வீர்கள் என்பதால் 6 டெசிபெல் குறையும். ஸ்பீக்கர்கள் இரண்டு என்பதால் 3 டெசிபெல் கூடும். சுவர்கள் திருப்பித் தருவது தனி. ஆகவே தலா 1 வாட்டிலேயே 83 டெசிபெல் வந்துவிடுகிறது, வீட்டில் அதுவே உரத்த ஒலிதான். 50 வாட் வரை போனால் 100 டெசிபெல்லை எட்டும். அந்த அளவில் நெடுநேரம் கேட்பது செவிக்குக் கேடு.

டவரின் 89 டெசிபெல்லைக் கண்டு மயங்க வேண்டாம். இந்த அளவீடு வழக்கமாக 2.83 வோல்ட் கொடுத்து எடுக்கப்படுகிறது. அந்த மின்னழுத்தத்தில் 8 ஓம் ஸ்பீக்கர் 1 வாட்டும் 4 ஓம் ஸ்பீக்கர் 2 வாட்டும் எடுத்துக்கொள்ளும். கூடுதலாகத் தெரியும் 3 டெசிபெல் அந்த இரட்டிப்பு வாட்டிலிருந்து வந்ததே. தவிர, 4 ஓம் என்பது பெயரளவுக்கான எண். சில அதிர்வெண்களில் மின்தடை அதற்கும் கீழே இறங்கும். கையேடு எச்சரித்திருக்கும்போது, திருச்சியின் வெயிலில் ஆம்ப்ளிபையரை அப்படிச் சூடேற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவற்றைவிடப் பெரிய காரணம் தங்கள் அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலான தொலைவு எதுவோ, அதைப் போல இரு மடங்கு அலைநீளமுள்ள ஒலி அங்கே தங்கி நின்று வீங்கும். 12 அடி நீளத்துக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். தங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 56 ஹெர்ட்ஸில் இரண்டு அதிர்வுகள் கூடுகின்றன. பேஸ் கித்தாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ் என்பதால், தாங்கள் விரும்பும் திரைப்பாடல்களில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை சேர்ந்து முழங்கக்கூடும். அறையின் அகலத்துக்கு நடுவே அமர்ந்தால் அகலத்தின் அதிர்வு அடங்கும். உயரத்தின் அதிர்வு அடங்காது. டவரில் வூஃபர்கள் (கீழ்ச்சுரங்களை எழுப்பும் பெரிய கூம்புகள்) பெரும்பாலும் தரைக்கு அருகே இருக்கும், தரையோ அந்த அதிர்வை மிக எளிதில் கிளப்பும் இடம். சிறிய ஸ்பீக்கரை ஸ்டாண்டில் வைத்து வூஃபரைச் சுமார் 3 அடிக்கு உயர்த்தினால் அது வெகுவாகத் தணிகிறது.

சிறிய ஸ்பீக்கரில் பேஸ் போதாது என்று வெளிநாட்டு விமர்சனங்களில் படித்திருப்பீர்கள். அங்குள்ள வீடுகளில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் கீழ்ச்சுரங்களில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்; சிமென்ட் பூசிய நம் செங்கற்சுவர்கள் ஏறத்தாழ முழுவதையும் திருப்பி அனுப்பும். 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்துக்காக பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரின் மூடிய பெட்டி சுமார் 5 லிட்டர்தான்; குரலை அது தரும் நேர்த்திக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். கர்நாடக இசை கேட்பவருக்கு முதலில் வேண்டியது அந்த நேர்த்தி.

ஸ்பீக்கர்களை 10 அடிச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால், 6 அடி இடைவெளியில், ட்வீட்டர் (மேற்சுரங்களைத் தரும் சிறு பகுதி) காதின் உயரத்துக்கு வரும்படி வையுங்கள். பின்பக்கம் துளை இருந்தால் இந்த இடைவெளி கட்டாயம். நாற்காலி பின்சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருக்கட்டும்; சுவரை ஒட்டினால் 47 ஹெர்ட்ஸ் வீங்கும், நீளத்தின் நடுவில் அமர்ந்தால் அது காணாமலே போகும். டைல்ஸ் தரையில் ஒரு கம்பளம் விரிப்பது மேற்சுரங்களின் கூச்சத்தைக் குறைக்கும், பேஸை அது தொடாது. பின்னர் பேஸ் கித்தார் ஏறி இறங்கும் ஒரு பாடலைப் போட்டு, ஏதேனும் ஒரு சுரம் மட்டும் துருத்தித் தெரிந்தால், ஸ்பீக்கர்களை அசைப்பதற்கு முன் நாற்காலியை அரையடி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள்.