கவுன்சிலர் இல்லாத ஊரில் குழந்தைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: அங்கன்வாடி, பள்ளிக்கூடம், குழந்தைகள் இல்லம் எல்லாவற்றுக்கும் துறை இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடத்தி வார்டுக்கு ஒருவரை உள்ளே விட்டால் கட்சிச் சண்டைதான் மிஞ்சும். குழந்தைகள் விஷயத்திலாவது கவுன்சிலர்கள் இல்லாமல் இருப்பது நல்லதுதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பாகூர்

பதில்: நல்லதில்லை, ஐயா. வகுப்பறையிலேயே வாழ்நாளைக் கழித்த உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அதனால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 9-ஆவது பிரிவு முழுக்க முழுக்க உள்ளாட்சி அமைப்பின் கடமைகளைப் பற்றியது. தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் அது பதிவேடு வைத்திருக்க வேண்டும். அவர்கள் பள்ளியில் சேர்ந்தார்களா, ஒழுங்காக வருகிறார்களா, எட்டாம் வகுப்பை முடித்தார்களா என்று பார்க்க வேண்டும். பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். தன் எல்லையில் உள்ள பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று கண்காணிக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று சொல்லப்பட்ட 29 பொருள்களில் பள்ளிக் கல்வியும் உண்டு, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாடும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், நலத்திட்டங்களில் சமூகத் தணிக்கை (திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று மக்களே சேர்ந்து சரிபார்ப்பது) செய்யும் பொறுப்பில் உள்ளாட்சியைத்தான் முதலில் சொல்கிறது. குழந்தைகள் விஷயத்தில் கவுன்சிலர் வெளியாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 2006-இல். அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேர்தல் தேதி வரை அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டுப் பிரச்சினை நீதிமன்றத்துக்குப் போனது, தேர்தல் நின்றுபோனது. ஐந்து நகராட்சிகளும், கிராமப் பகுதிகளுக்கான உள்ளாட்சிகளான பத்து கம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையிலேயே இருக்கின்றன.

2011-இல் உங்கள் பாகூரில் ஒரு குழந்தை பிறந்திருந்தால் 2025-இல் அதற்கு 14 வயது நிறைந்திருக்கும். அங்கன்வாடிப் பருவம் போனது, தொடக்கப்பள்ளி போனது, எட்டாம் வகுப்பும் போனது. கட்டாயக் கல்விச் சட்டம் அந்தக் குழந்தைக்குக் கொடுத்த காலம் முழுவதும் தீர்ந்துவிட்டது. அந்தப் பதினான்கு வருடத்தில், ஊரார் தேர்ந்தெடுத்த ஒரே ஓர் உறுப்பினர்கூட அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, ‘இந்தத் தெருவில் ஏன் இரண்டு பேர் பள்ளிக்கு வரவில்லை?’ என்று மன்றத்தில் கேட்டதில்லை. மன்றமே இல்லாதபோது எங்கே போய்க் கேட்பது?

இத்தனைக்கும் இது 1880-லேயே, பிரெஞ்சு ஆட்சியில், கம்யூன் வாரியாக மன்றங்கள் கண்ட மண். இந்தியாவோடு இணைவதா என்பதை 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்து முடிவு செய்தவர்களில் நகராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். 178 பேரில் 170 பேர் இணைவோம் என்றார்கள். ஒரு நாட்டோடு சேரும் முடிவை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர்களாக இருந்த உள்ளாட்சி உறுப்பினர்கள், ஓர் அங்கன்வாடியின் நிலைமையைக் கேட்கத் தகுதியில்லாதவர்களா?

அதிகாரிகள் இருக்கிறார்களே என்கிறீர்கள். இருக்கிறார்கள். அவர்களில் மனசாட்சியோடு உழைப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏற்பாடு நடக்கும் விதத்தைப் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளர் எழுதுவதை மேற்பார்வையாளர் பார்க்கிறார். மேற்பார்வையாளர் அனுப்புவதைத் திட்ட அலுவலர் பார்க்கிறார். அவர் தொகுப்பது துறைக்குப் போகிறது. எல்லாக் காகிதமும் மேல்நோக்கியே போகிறது. அந்தக் காகிதத்தில் உள்ளது உண்மைதானா என்று தெருவில் நின்று சரிபார்க்கும் ஆள் இந்த வரிசையில் எங்கும் இல்லை.

உங்கள் பக்கத்து அங்கன்வாடி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தப் பணியாளர்மீது பழி விழக் கூடாது. அங்கே தொங்கவிட்டிருந்த எடைக் கருவியில் குழந்தையை வைப்பதற்கு முன்பே முள் அரைக் கிலோவில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அரைக் கிலோ சாதாரணமானதல்ல. வளர்ச்சி அட்டையில் மஞ்சள் பட்டையில் விழ வேண்டிய புள்ளியை அது பச்சைக்கு ஏற்றிவிடும். பச்சையில் இருக்கும் பிள்ளையை மருத்துவரிடம் யாரும் அனுப்புவதில்லை. “கருவி இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள், இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்” என்றார் அந்தப் பெண். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மையத்தில் உள்ள எல்லாக் குழந்தைகளின் எடையும் தப்பாகவே மேலே போய்க்கொண்டிருந்தது. அந்த வார்டுக்கு ஓர் உறுப்பினர் இருந்து, மாதம் ஒரு முறை அரை மணி நேரம் அங்கே வந்து உட்கார்ந்தால் போதும். முள் எங்கே நிற்கிறது, முட்டை எண்ணிக்கை வருகைப் பதிவோடு பொருந்துகிறதா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கழிவறைக் கதவு உள்ளே தாழிட வருகிறதா என்று பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. தேவை, நாளைக்கு ஓட்டுக் கேட்டு இதே தாய்மார்களின் வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது என்ற பயம்.

இன்னொன்றும் உண்டு. துறைகள் பிரிந்து நிற்பதால் எந்தத் துறையின் கண்ணிலும் படாத பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் எல்லை எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தெரு புதுச்சேரியில் இருக்கும், அடுத்த தெரு கடலூர் மாவட்டத்தில் இருக்கும். செங்கல் சூளைக்கு வந்த குடும்பம் இந்தப் பக்கம் குடிசை போட்டிருக்கும், பக்கத்துப் பள்ளி அந்தப் பக்கம் இருக்கும். இரண்டு அரசுகள், இரண்டு கல்வித் துறைகள். பிள்ளை இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போக அது போதும். பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டுப் படகேறிய பையனைக் கல்வித் துறை தேடாது, அவன் 14-ஐத் தாண்டிவிட்டான். சத்துணவுக் கணக்கில் அவன் இல்லை. அவன்மீது வழக்கு இல்லாததால் காவல் துறைக்கும் அவனைத் தெரியாது. அவனை அறிந்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். தெருக்காரர்களுக்கு அறிந்ததைச் சொல்ல ஓர் இடம் வேண்டும்.

கட்சிச் சண்டை வரும் என்ற உங்கள் பயத்தில் பாதி நியாயம். அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு ஆள் வைப்பதிலும், சமையல்காரரை மாற்றுவதிலும் அரசியல்வாதிகள் மூக்கை நுழைத்ததை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து கோடு போடுவது. நியமனத்திலும் கொள்முதலிலும் கவுன்சிலர் கை வைக்கக் கூடாது. கேள்வி கேட்கலாம், பார்வையிடலாம், பதிலை எழுத்தில் கேட்டு மன்றத்தில் பதிவு செய்யலாம். அதைவிட முக்கியமான கோடு ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோ, பள்ளியோ, வீடோ மன்றத்தில் ஒருபோதும் வாசிக்கப்படக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டமும் போக்சோ சட்டமும் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியிருக்கின்றன. குழந்தைகள் இல்லத்துக்குக் கவுன்சிலர் சால்வையோடும் புகைப்படக்காரரோடும் போவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த இல்லங்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் அடங்கிய குழு ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆய்வு நடந்ததா, என்ன குறை கண்டார்கள், அது சரிசெய்யப்பட்டதா என்று கேட்பதுதான் உறுப்பினர் வேலை.

கடலூர் வாசகர்கள் இதைப் புதுச்சேரிக்காரர்களின் துயரம் என்று தள்ளிவிட வேண்டாம். பெண்ணையாற்றுக்குத் தெற்கே மாநகராட்சிக்கு 2022-இல் 45 வார்டு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். ஆனால் மாவட்டத்தின் கிராம ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர்தான் தலைவர். அவர் இல்லாத குழு எத்தனை முறை கூடியது என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபை என்று ஆகிவிட்டது, கேட்க வாய்ப்பு இருக்கிறது.

ஐயா, தேர்தல் வரும்வரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 32-ஆவது பிரிவை ஊரில் யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தையின் கல்வி உரிமை பாதிக்கப்பட்டால், பெற்றோராக இல்லாவிட்டாலும், யார் வேண்டுமானாலும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். இரு தரப்பையும் விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. முடிவில் திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. இதுவே ஆபத்தில் இருக்கும் குழந்தை என்றால் புகார் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மற்றவற்றுக்கு, உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கம்யூன் பஞ்சாயத்து ஆணையரிடம் கொடுங்கள், ஒரு நகலைக் கல்வித் துறைக்கும் அனுப்புங்கள். தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகையை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். மூன்று மாதக் கெடுவை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.