சேர்வது லட்சம் பேர், முடிப்பது யார்?

கேள்வி: இலவச இணையப் படிப்புகளில் பல தடவை சேர்ந்து, எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டேன். குறை என்னிடமா, படிப்பிலா?

பதில்: 2012இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் மின்சுற்றுகள் பற்றி ஓர் இலவசப் பாடம் நடத்தியது. பதிந்தவர்கள் 1,54,763 பேர். சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை! காசும் இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை என்றால் எட்டிப் பார்க்க வருபவர்கள்தான் அதிகம். எனவே இந்த எண்ணிக்கையை வைத்துப் படிப்பையோ உங்களையோ எடைபோட வேண்டாம்.

உண்மையிலேயே படிக்க வந்தவர்களும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில்தான் கழன்றுகொள்கிறார்கள். அதற்கு ஒரு காரணம், அடிப்படை போதாமை. முதல் வாரப் பாடம் எல்லோருக்கும் புரியும்படி எளிதாக இருக்கும்; அதை நம்பிச் சேரக் கூடாது. பாடம் முழுவதும் திறந்திருந்தால் மூன்றாம் வாரப் பயிற்சிக் கணக்கைப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. கேள்வியே புரியவில்லையென்றால் அதற்கு அடிப்படையான பாடத்தை முதலில் படியுங்கள். 'வாரம் 4 மணி நேரம்' என்று போட்டிருந்தால் 8 மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரக் கணக்கு அடிப்படை தெரிந்தவருக்கானது.

இன்னொன்று, வீடியோ மோகம். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், பயிற்சியில் கை வைத்தால்தான் சாயம் வெளுக்கும். ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்தி, பார்க்காமல் நாலு வரி எழுதுங்கள். நேரம் போதாத வாரத்தில் வீடியோவைக் குறையுங்கள், பயிற்சியைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: 'இலவசம்' என்கிறார்கள், கடைசியில் பணம் கேட்கிறார்களே?

பதில்: பல தளங்களில் பாடத்தைப் பார்ப்பது மட்டுமே இலவசம். மதிப்பெண் உள்ள தேர்வும் சான்றிதழும் கட்டணத்துக்குள் போய்விட்டன. சிலவற்றில் இலவச அனுமதிக்குக் காலக்கெடுவும் உண்டு. கோர்செரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் பல படிப்புகளுக்குக் கட்டண உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். முடிவு வர நாளாகும் என்பதால் முன்கூட்டியே அனுப்புங்கள். வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்றால், வெறும் சான்றிதழைவிட நீங்களே செய்து முடித்த ஒரு திட்டப்பணி அதிகம் பேசும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: சில படிப்புகளில் கட்டுரைகளைச் சக மாணவர்களே திருத்துகிறார்கள். அவர்கள் போடும் மதிப்பெண்ணை நம்பலாமா?

பதில்: ஓரளவுக்கு. ஒரே கட்டுரையைப் பலர் திருத்தி, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளும் முறையில், ஒருவர் கண்டபடி போட்டாலும் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் 'நன்று' என்ற ஒற்றைச் சொல்லைத் தாண்டிக் கருத்து கிடைப்பது அரிது. மதிப்பீட்டு விதிகளைக் கட்டுரை எழுதும் முன்பே படித்து, அதே வரிசையில் விடையை அமைத்தால் வீண் மதிப்பெண் இழப்பைத் தவிர்க்கலாம்.

கேள்வி: கல்லூரிக்கு இது மாற்றாகுமா?

பதில்: 2013இல் அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், யுடாசிட்டி என்ற இணையப் படிப்பு நிறுவனத்துடன் சேர்ந்து கல்லூரிப் பாடங்களை இணையவழி நடத்திப் பார்த்தது. தேர்ச்சி வகுப்பறையைவிடக் குறையவே நிறுத்தி வைத்தார்கள். ஏற்கெனவே தானாகப் படிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வரம். பக்கத்தில் ஆள் தேவைப்படும் மாணவருக்கு வீடியோவும் தானியங்கித் திருத்தமும் மட்டும் போதாது.