கப்பலில் வந்த மருந்தும் சின்னம்மாவின் கொப்பியும்

அன்புள்ள அண்ணா,

போர்க்கால ஆஸ்பத்திரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பிறந்தவள். இப்போது ரொறொன்ரோவில் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. எங்கள் பழைய மாணவர் சங்கம் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கிக் கொடுக்கக் காசு சேர்க்கிறது. எனக்கோ அடுத்த வருசம் மூன்று கிழமை லீவில் வந்து அங்குள்ள தாதிமாருக்குப் பயிற்சி கொடுக்க ஆசை. "சண்டைக்குள் எத்தனை வெள்ளைக்காரர் வந்து போனார்கள், பிறகு என்ன மிஞ்சியது? மெஷின் என்றால் கண்ணுக்குத் தெரியும்" என்கிறார்கள் சங்கத்தில் சிலர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம.

அன்புள்ள தங்கச்சிக்கு,

என்ன மிஞ்சியது என்று கேட்பவர்களுக்கு என் சின்னம்மாவின் கொப்பியைக் காட்டவேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் பருத்தித்துறைக்குப் பக்கத்தில் உள்ள மந்திகை ஆஸ்பத்திரியில் தொண்டராகச் சேர்ந்தார். ஓ.எல் வரைதான் படிப்பு. 1990இல் போன மின்சாரம் திரும்பி வரவில்லை. வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு, ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர், அதற்கு எண்ணெய் இல்லாத நேரம் பெற்றோமக்ஸ். மருந்து செஞ்சிலுவைக் கொடி கட்டிய கப்பலில் வரவேண்டும். அந்த ஆஸ்பத்திரியில்தான் எம்.எஸ்.எஃப் (எல்லைகளற்ற வைத்தியர்கள்) என்ற வெளிநாட்டு அமைப்பின் டொக்டர்மார் சத்திரசிகிச்சை செய்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, சின்னம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஒவ்வொரு கருவியாகத் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்லுவார்களாம். இவர் கொப்பியில் அதன் படத்தைக் கீறி, பக்கத்தில் காதில் விழுந்தபடி தமிழில் எழுதிவைப்பார். சில மாதத்தில் டொக்டர் மாறுவார். புதியவர் வேறு மாதிரிச் சொன்னால் நீல மையை வெட்டிச் சிவப்பு மையில் திருத்தம்.

அதில் ஒரு பக்கம் எனக்கு மனப்பாடம். "ஷெல் காயத்தை அன்றைக்கே தைக்கக் கூடாது. செத்த சதையை வெட்டி, நல்லாய்க் கழுவி, திறந்தபடி கட்டு. அஞ்சாம் நாள் பார்த்துத் தை." போர்க்காயச் சிகிச்சையின் அடிப்படை இது. அவசரப்பட்டு மூடினால் கிருமி உள்ளே இருந்து காலையோ உயிரையோ எடுத்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரைச் சுற்றியுள்ள வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியின் வேலையில் ஒரு பங்கு மந்திகைக்கு வந்தது. வெளிநாட்டு டொக்டர் ஒருவருக்கும் அந்த நாட்களில் நின்று படிப்பிக்க நேரம் இல்லை. புதிதாக வந்த தொண்டர் பிள்ளைகள் சின்னம்மாவின் கொப்பியைப் பார்த்துத்தான் கருவிகளை அடுக்கப் பழகினார்கள். மிஞ்சியது அதுதான், தங்கச்சி.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னால் டொக்டர் கிறீன் இதே வழியில் போனவர். 1847இல் வந்த அமெரிக்க மிஷனரி. மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். தானே எல்லாரையும் பார்த்து முடிக்க முடியாது என்று அவருக்கு விளங்கியிருந்தது. தமிழ் படித்தார், மாணவர்களோடு இருந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், 1864இலிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அவரிடம் படித்து வெளியேறியவர்கள் 60 பேருக்கு மேல். சத்திரசிகிச்சையை அவர்கள் இரணவைத்தியம் என்றார்கள். இன்றைக்கும் எனக்கு அந்தச் சொல்லில் ஆசை.

மருந்தும் ஆளும் கப்பலில் வந்தது வீண் என்று நான் சொல்லவில்லை. 1987 ஒக்ரோபர் 21, 22ஆம் திகதிகளில் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளரோடு டொக்டர்மாரும் தாதிமாரும் ஊழியர்களும் கொல்லப்பட்ட ஊர் இது. 1990 கடைசியில் செஞ்சிலுவைக் குழு அந்த ஆஸ்பத்திரியைத் தன் பாதுகாப்பில் எடுத்தபோது மக்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளியில் இருந்தவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. உயிர் காப்பதற்கு முதலில் கட்டடம் நிற்கவேண்டும்.

சரி, மெஷின். வாங்கவேண்டாம் என்று நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஓர் ஆஸ்பத்திரியில், அன்பளித்தவர்களின் பெயர்ப்பலகையோடு, துணி போர்த்தபடி மூலையில் நின்ற ஒரு மெஷினை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இயக்கப் பழகிய பிள்ளை மாற்றலாகிப் போய்விட்டாள். பழுது பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். ஆகவே சங்கத்தாரிடம் சொல்லுங்கள்: முதலில் ஆஸ்பத்திரியிடம் என்ன தேவை என்று கேளுங்கள். மெஷின்தான் என்றால், அதை இயக்க இரண்டு பேருக்காவது பயிற்சி, ஐந்து வருசப் பராமரிப்பு, உதிரிப்பாகம், இவ்வளவுக்கும் சேர்த்துக் காசு திரட்டுங்கள்.

நீங்கள் கட்டாயம் வாருங்கள். பணிப்பாளரின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் எடுத்துவிடுங்கள். மண்டபத்தில் படம் போட்டு விரிவுரை செய்யவேண்டாம். ஒரே நோயாளர் விடுதியில் மூன்று கிழமையும் நில்லுங்கள், இரவு வேலையிலும் நில்லுங்கள், அப்போதுதான் அவர்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியும். பல நோயாளர் ஒரேயடியாக வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்பது உங்கள் தொழில். அதைத் தாதிமாரோடு நிறுத்தாமல் சிற்றூழியர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். வாசலில் நோயாளியை முதலில் தூக்குவது அவர்கள்தான். அங்குள்ள மூத்த தாதி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள். அடுத்த வருசம் வரும் பிள்ளைக்கு நீங்கள் தேவைப்படக் கூடாது, எழுதியது போதவேண்டும். அவர்களிடம் நீங்களும் நிறையப் படிப்பீர்கள். இல்லாமையில் வேலை செய்தவர்களின் கை வேறு.

சின்னம்மா இப்போது கரவெட்டியில் இருக்கிறார். கொப்பியின் முன் மட்டை போய்விட்டது, உள்ளே எல்லாம் பத்திரம். வருகிற திகதியைச் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
அண்ணா