சான்றிதழ் இருபத்தேழு இருக்கிறது, மழைமானியை எங்கே எழுதுவது?

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. ஹார்வர்ட், எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு மாதிரி ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் படிக்க ஆசை. மதிப்பெண்ணில் குறை இல்லை. பேச்சுப் போட்டி, விநாடி வினா, ஒலிம்பியாட், ஆன்லைன் கோர்ஸ் என்று இருபத்தேழு சான்றிதழ்கள் இருக்கின்றன. "இது போதாது. ஒரு தொண்டு அமைப்பு தொடங்கு, ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடு, விண்ணப்பத்தோடு அனுப்பும் எஸ்ஸேயை நாங்களே எழுதித் தருகிறோம்" என்கிறார் ஒரு கன்சல்டன்ட். பெரிய தொகை கேட்கிறார். கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. வேறு சொல்லிக்கொள்கிற மாதிரி என்னிடம் எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து மொட்டை மாடியில் பாட்டிலில் செய்த மழைமானி வைத்து, மழையை அளந்து நோட்டில் எழுதிவருகிறேன், அவ்வளவுதான். முதலில் அது அரசு நிலையத்தின் அளவோடு ஒத்துப்போகவே இல்லை. அப்புறம் இடத்தை மாற்றி வைத்தேன். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். வழிகாட்டுவதற்கு ஒருவர் பணம் வாங்குவதில் தப்பு இல்லை. "எஸ்ஸேயை எழுதித் தருகிறோம்" என்கிறாரே, பேச்சு அங்கேயே முடிந்துவிட வேண்டும். விண்ணப்பத்தை அனுப்பும்போது, இதில் உள்ளதெல்லாம் என் சொந்த எழுத்து, உண்மையான தகவல் என்று நீங்கள் உறுதிமொழி தந்து கையெழுத்திடுகிறீர்கள். அவர் இல்லை, நீங்கள். பிறர் எழுதியதையோ, ஏ.ஐ. எழுதியதையோ தன் எழுத்தாகக் காட்டுவதை மோசடி என்றே காமன் ஆப் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் இணையதளம்) வகைப்படுத்தியிருக்கிறது. சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் இடம் போகும். 2019-இல் அமெரிக்காவில் வெளிவந்த அட்மிஷன் ஊழலில், விளையாடாத பிள்ளையை விளையாட்டு வீரராகக் காட்டியது, தேர்வில் ஆள் வைத்துத் திருத்தியது எல்லாம் அம்பலமாகிப் பெற்றோர்கள் சிறைக்கே போனார்கள். உங்கள் கன்சல்டன்ட் அவ்வளவு தூரம் போகமாட்டார்தான். ஆனால் திசை அதுதான்.

சரி, மதிப்பெண். மதிப்பெண் சரியில்லாவிட்டால் மற்றது எவ்வளவு இருந்தாலும் எடுபடுவது கடினம். சரியாக இருந்தால்? ஹார்வர்டின் சேர்க்கை முறை பற்றிய வழக்கு 2018-இல் விசாரணைக்கு வந்தபோது, உள்ளே இருந்த பல விவரங்கள் வெளியே வந்தன. ஓர் ஆண்டில் விண்ணப்பித்தவர்களில் 8,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பள்ளி மதிப்பெண் முழுசாக இருந்தது. அந்த ஆண்டு இடம் கொடுத்ததோ சுமார் 2,000 பேருக்கு. உங்கள் 97-ஐ 98 ஆக்குவதில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. படிப்பு, வெளிச் செயல்பாடு, விளையாட்டு, குணநலன் என்று தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள் என்பதும் அந்த வழக்கில்தான் ஊருக்குத் தெரிந்தது.

இப்போது அந்த இருபத்தேழுக்கு வருவோம். காமன் ஆப் படிவத்தில் செயல்பாடுகளுக்கு இருக்கும் இடம் பத்து. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள், வார்த்தைகள் இல்லை, எழுத்துகள். பரிசுகளுக்குத் தனியாக ஐந்து வரி. எம்.ஐ.டி. காமன் ஆப்பிலேயே இல்லை, அதற்குத் தனிப் படிவம். அதில் உங்களுக்கு முக்கியமானவை நான்கைச் சொன்னால் போதும் என்கிறார்கள். ஆக, உங்கள் சான்றிதழ்களில் பலவற்றுக்கு உட்கார இடமே கிடையாது. இடம் இருந்தாலும் நான் போடச் சொல்லமாட்டேன். ஒரு மணி நேர விநாடி வினாவில் மூன்றாம் பரிசு என்பது, அன்று நீங்கள் அங்கே போனீர்கள் என்பதைத் தவிர வேறென்ன சொல்கிறது? ஒலிம்பியாட்டில் முதல் சுற்றைத் தாண்டியிருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொண்டு அமைப்பு யோசனையும் அப்படித்தான். பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் திடீரென்று பிறந்து, லோகோ, இணையதளம், 'நிறுவனர்' பட்டம் எல்லாம் வைத்திருக்கும் அமைப்புகளை அந்த அலுவலகங்களில் வருடா வருடம் பார்க்கிறார்கள். பணம் கட்டினால் பெயர் போட்டுத் தருகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் பார்க்கிறார்கள். ஏமாறமாட்டார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதற்குச் செலவாகும் மாதங்களை உங்களுக்கு யார் திருப்பித் தருவது?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம், "அவ்வளவுதான்" என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட மழைமானி. யாரும் சொல்லாமல், பரிசு எதுவும் இல்லாமல், எட்டாம் வகுப்பிலிருந்து செய்கிறீர்கள். அளவு ஒத்துப்போகவில்லை என்று கவனித்திருக்கிறீர்கள். இடத்தை மாற்றியிருக்கிறீர்கள். ஏன் மாற்றினீர்கள் என்றுதான் எழுதவில்லை. மாடியின் கைப்பிடிச் சுவர், காற்றோடு சாய்ந்து வரும் மழையை மறைத்ததா? அல்லது மேலே கவிழ்த்து வைத்த புனலின் வாயும் பாட்டிலின் அடியும் வேறு வேறு அகலமாக இருந்து, கணக்கு பிசகியதா? வாய் அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, பாட்டிலில் ஏறும் நீரும் நான்கு மடங்கு உயரம் காட்டும். இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களில் ஒரே நாளில் வேறு வேறு அளவு மழை பெய்வது சகஜம். அப்படியிருக்க, தப்பு உங்கள் பாட்டிலில்தான், வானத்தில் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இதற்கு உங்களிடம் பதில் இருந்தால், உங்கள் எஸ்ஸே பாதி எழுதி முடிந்த மாதிரி. பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நோட்டு கையில் இருக்கிறது, இன்னும் மாதங்கள் இருக்கின்றன, இரண்டாவது பாட்டில் ஒன்றை வேறு மூலையில் வைத்துப் பாருங்கள்.

அந்த 150 எழுத்தில் இதை எப்படி எழுதுவது? பலரும் எழுதுவது இப்படி: "சுற்றுச்சூழல் ஆர்வத்தால் மழை அளவீட்டில் ஈடுபட்டு விடாமுயற்சி, தலைமைப் பண்பு வளர்த்துக்கொண்டேன்." இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், மழையில் நனையாதவரும் எழுதலாம். நான் எழுதச் சொல்வது: "பாட்டில் மழைமானி செய்து 8-ஆம் வகுப்பு முதல் தினசரிப் பதிவு. அரசு அளவோடு ஒப்பிட்டுப் பிழை கண்டு இடம் மாற்றினேன்." குணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, தேவையும் இல்லை. அதே இடத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம் என்றே போடுங்கள். பத்துச் செயல்பாட்டின் மணிகளையும் கூட்டினால் தூங்கவே நேரம் மிஞ்சாத விண்ணப்பங்கள் உண்டு, படிப்பவருக்குக் கூட்டத் தெரியும். வீட்டு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கடையில் உதவுவது இதெல்லாமும் இந்தப் பட்டியலில் முறையாக இடம்பெறும். படிவத்திலேயே குடும்பப் பொறுப்புக்கு ஒரு வகை இருக்கிறது. நம் பிள்ளைகள் வெட்கப்பட்டு விட்டுவிடுவது இதைத்தான்.

எஸ்ஸே அதிகபட்சம் 650 சொற்கள். கடைசிப் பத்தியில் "மழை எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது" என்று வந்தால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். அகராதி பார்த்துப் பெரிய ஆங்கிலச் சொற்களைத் திணிக்க வேண்டாம், ஆசிரியரிடம் பேசும் ஆங்கிலமே போதும். வீட்டில் ஒருவர், ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவர், இரண்டு பேர் படித்தால் போதுமானது. ஏழெட்டுப் பேர் திருத்தினால் பதினேழு வயதுப் பெண் காணாமல் போய், நாற்பது வயதுக் குழு ஒன்று பேச ஆரம்பித்துவிடும். கல்லூரிக்குக் கல்லூரி கேட்கும் சிறு கட்டுரைகளில் மழையையே திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு, வருங்கால அறைத்தோழிக்கு ஒரு குறிப்பு எழுதச் சொல்லும். அங்கே நீங்கள் எதற்குச் சிரிப்பீர்கள், எதற்குக் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தால் நல்லது. "ஏன் எங்கள் கல்லூரி?" என்ற கேள்விக்குப் புகழ்ச்சி வேண்டாம். நீங்கள் போய் உட்கார நினைக்கும் ஒரு பாடம், ஓர் ஆய்வகம் பெயரோடு இருக்கட்டும். அனுப்பும் முன் கல்லூரிப் பெயரை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். ஒரு கல்லூரிக்கு எழுதியதை அப்படியே இன்னொன்றுக்கு ஒட்டி, பழைய பெயரோடு அனுப்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதம்தான் நம் பக்கத்தில் அநேகமாக எல்லோரும் கோட்டை விடுகிற இடம். "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று பாசத்தோடு சொல்லும் ஆசிரியர்கள் நிறைய. வேண்டாம், அதுவும் பொய்க் கணக்கில்தான் சேரும். அவராக எழுதினால், "கீழ்ப்படிதல் உள்ளவர், முதல் மதிப்பெண் பெறுபவர்" என்று நான்கு வரியில் முடித்துவிடுவார். அவர்மேல் குற்றம் இல்லை, எதை எழுத வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ஒரு பக்கத்தில், அவர் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை நினைவூட்டி எழுதிக் கொடுங்கள்: நீங்கள் எந்தக் கேள்வி கேட்டு அவரோடு விவாதித்தீர்கள், எந்தப் பாடத்தில் தடுமாறி எப்படி மீண்டீர்கள் என்று. அதிலிருந்து அவர் தன் சொல்லில் எழுதட்டும். அந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்கும். விட்டுக்கொடுங்கள், அப்போதுதான் கடிதத்துக்கு மதிப்பு. எம்.ஐ.டி. ஒரு கணித அல்லது அறிவியல் ஆசிரியரிடமும், ஒரு மொழி அல்லது சமூக அறிவியல் ஆசிரியரிடமும் கேட்கிறது. மொழி ஆசிரியரோடு இப்போதே பேசத் தொடங்குங்கள், கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான பொதுத் தேர்வு பற்றி ஒரு வரி. கொரோனா காலத்தில் தளர்த்தியதை எம்.ஐ.டி. 2022-இல் திரும்பக் கட்டாயமாக்கியது, ஹார்வர்ட், கால்டெக், டார்ட்மவுத், பிரவுன் எல்லாம் 2024-இல் அதையே அறிவித்தன. எழுதிவிடுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள், சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுத்தாலும் பார்ப்பதில்லை.

அப்பா கடன் வாங்கியாவது என்று சொன்னதால் பணத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால் அதையும் கணக்கில் எடுத்துத்தான் பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் முடிவெடுக்கும். கேட்டாலும் சேர்க்கை முடிவில் அதைப் பார்ப்பதில்லை, சேர்த்துக்கொண்டால் குடும்பத்தால் முடியாத முழுத் தொகையையும் தருகிறோம் என்கிற இடங்கள் சில: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடோயின் போன்றவை. ஸ்டான்ஃபோர்டு வெளிநாட்டவருக்கு இந்த வகையில் வராது. ஹார்வர்ட் மாதிரி இடங்களில் மதிப்பெண்ணுக்காக ஸ்காலர்ஷிப் என்று ஒன்று கிடையாது, குடும்பத் தேவைக்குத்தான் உதவி. பல கல்லூரிகள் இதற்கு சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கின்றன. அதை நிரப்ப வருமானச் சான்று, சொத்து விவரம் எல்லாம் வேண்டும். அப்பாவின் நேரத்தை இதில் செலவிடச் சொல்லுங்கள், கன்சல்டன்டுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு பயன்.

'எர்லி டெசிஷன்' என்று, முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்று ஒன்று வரும், நவம்பர் 1 வாக்கில். அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு இது ஆபத்து. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு வைத்திருக்கும் முன்கூட்டிய சுற்றில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அதே சமயம் வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க முடியாது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பக்கம் மனம் போனால் இதில் பாதி பொருந்தாது. ஒரு வருடத்தில் இரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம், கடைசி நாள் அக்டோபர் 15. அறைத்தோழி, தலைமைப் பண்பு எதுவும் கிடையாது. நீங்கள் எடுக்கும் பாடத்தில் எவ்வளவு ஆழம், அவ்வளவுதான் கேள்வி. புவியியலுக்கோ இயற்பியலுக்கோ போட்டால் மழைமானி அங்கேயும் பேசும்.

இவ்வளவு செய்தாலும் கிடைக்காமல் போகலாம். எம்.ஐ.டி., ஹார்வர்ட் மாதிரி இடங்களில் நூறு பேரில் நான்கைந்து பேருக்குத்தான் இடம். முழுத் தகுதி உள்ளவர்களையே ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்புகிறார்கள், அதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. அதனால் பட்டியலில் பெயர் கேட்டதும் ஊரே வியக்கிற இடங்கள் இரண்டு மூன்று போதும். மற்றவை, கிடைத்தால் நீங்கள் சந்தோஷமாகப் போய்ச் சேருவீர்கள் என்கிற இடங்களாக இருக்கட்டும். காமன் ஆப் வழியாக இருபது கல்லூரிகள் வரை அனுப்பலாம் என்பதற்காக இருபதுக்கும் அனுப்பாதீர்கள், எட்டு பத்துக்கு மேல் போனால் கட்டுரைகள் நீர்த்துவிடும். விண்ணப்பக் கட்டணமும் கல்லூரிக்குக் கல்லூரி தனி. குடும்பத்துக்கு அது பாரமென்றால் கட்டண விலக்கு கேட்கலாம், படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது, பள்ளியிலிருந்து ஓர் உறுதிக் கடிதம் கேட்டால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.