ஹாரி டீன் ஸ்டான்டன்: துணை வேடங்களில் ஒரு வாழ்நாள்

ஹாரி டீன் ஸ்டான்டன் யார், துணை நடிகரான அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 1926-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலொன்றில் சமையற்காரராகப் பணிபுரிந்து, 1950களில் திரைக்கு வந்து, நெடுங்காலம் சிறு வேடங்களிலேயே நடித்தார். ‘ஏலியன்’ (1979) படத்தில் பூனையைத் தேடிப் போய் உயிரிழப்பவர் அவர்தான்.

பிரான்சின் கேன் திரைப்பட விழாவில் அதன் உயரிய விருதான தங்கப்பனையைப் பெற்ற ‘பாரிஸ், டெக்சஸ்’ (1984) படம் அவரை நாயகனாக்கியது. அந்தப் படத்தில், ஒருபுறம் மட்டுமே தெரியும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, தொலைபேசி வழியே, பிரிந்துபோன மனைவியிடம் தங்கள் கதையையே யாரோ இருவரின் கதைபோல அவர் தாழ்ந்த குரலில் சொல்லும் காட்சிக்கு நிகராக, என்னைப் பொறுத்தவரை, வேறொன்றைச் சொல்வது கடினம். 2017 செப்டம்பரில், 91 வயதில், அவர் காலமானார்.