வற்றிய முகத்துவாரம்: பார்க்க ஒரு நேரம், கடக்க ஒரு நேரம்

கேள்வி: என்னுடையது 16 அடி ஃபைபர் படகு, அவுட்போர்டு மோட்டார். காயலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள முகத்துவாரத்தில், ஆறு மாதம் முன் ஜிபிஎஸ்ஸில் பதிந்த தடத்தின் மேலேயேதான் போகிறேன். ஆனாலும் நீர் வற்றும் நேரத்தில் இரண்டு முறை தரை தட்டிவிட்டது. வழியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அந்தப் பழைய தடத்தை அழித்துவிடுங்கள். ஜிபிஎஸ் பொய் சொல்லவில்லை, மணல்தான் இடம் மாறிவிட்டது. ஒரு புயலோ பெரிய வெள்ளமோ போதும், ஒரே இரவில் வாய்க்கால் ஒதுங்கிவிடும். அச்சிட்ட வரைபடத்துக்கும் இதே கதிதான்.

நீங்கள் எந்த வழி என்று கேட்கிறீர்கள். நான் எந்த நேரம் என்று கேட்பேன். நீர் நன்றாக வற்றியிருக்கும்போது திட்டுகள் தலைகாட்டும், ஆழமான ஓடை தனியாகத் தெரியும். அது பார்ப்பதற்கான நேரம். கரையில் உயரமான இடத்தில் நின்று, வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி பாருங்கள். வளைவின் வெளிப்பக்கத்தை நீர் அரிக்கும், உள்பக்கத்தில் மணல் சேரும்; அதனால் ஆழம் பெரும்பாலும் வெளிப்பக்கம். பறவைகள் கால் நனைத்து நிற்கும் இடத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

கடப்பது நீர் ஏறத் தொடங்கிய பிறகு. ஏறும் நீரில் தட்டினால் கொஞ்ச நேரத்தில் அதுவே தூக்கிவிடும். இறங்கும் நீரில் தட்டினால் பல மணி நேரம் அங்கேயேதான். எவ்வளவு பொறுப்பது? ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. நீர் ஏறும் ஆறு மணி நேரத்தில் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். மொத்த ஏற்றம் 1.2 மீட்டர் என்றால் முதல் மணியில் 10 செ.மீ.தான், இரண்டாவதில் 20. இரண்டு மணி நேரம் பொறுத்தால் 30 செ.மீ. கூடுதல் கிடைக்கும். உங்கள் மாதிரிப் படகுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். குறுகிய வாய் என்றால், கடலில் நீர் ஏறத் தொடங்கிய பிறகும் காயல் நீர் வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். நுரையும் பாசியும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். வெளியே ஓடும் நீர் உள்ளே வரும் அலையோடு மோதினால் அலை குறுகிச் செங்குத்தாகி உடையும். ஆழம் போதும் என்றாலும் அப்போது இறங்க வேண்டாம்.

கடலிலிருந்து திரும்புவதுதான் இன்னும் ஏமாற்றும். கரையிலிருந்து பார்த்தால் உடையும் அலையின் வெள்ளை தெரியும். கடலிலிருந்து தெரிவது அதன் முதுகு மட்டும். சாதுவாகத்தான் இருக்கும். வெளியே பத்து நிமிடம் நின்று எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் போகிறது என்று கவனியுங்கள். அப்புறம் ஒரு அலையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வாருங்கள், அதை முந்த வேண்டாம். முந்தினால் அணியம் (படகின் முன்முனை) முன் பள்ளத்தில் குத்தும், பின்னால் வரும் அலை படகைக் குறுக்கே திருப்பிவிடும். உயிர்காப்பு அங்கியைப் புறப்படும்போதே போட்டுவிடுங்கள், அலையைப் பார்த்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.

சந்தேகமான இடத்தில் மோட்டாரைப் பாதி தூக்கி, மெதுவாக. அணியத்தில் ஒருவர் அடி அளவு குறித்த மூங்கில் கழியோடு நிற்கட்டும். ஆழம் காட்டும் கருவி இருந்தாலும் கழி வேண்டும் என்பது என் கட்சி. மணலா சேறா என்பதையும் அது கையிலேயே சொல்லும்.

தட்டிவிட்டால் வேகம் கொடுக்காதீர்கள். எல்லோருக்கும் முதலில் கை போவது அங்கேதான். உடனே மோட்டாரை நிறுத்துங்கள். இல்லையென்றால் குளிர்விக்கும் நீரோடு மணலையும் இழுத்து உள்ளிருக்கும் ரப்பர் சக்கரத்தைத் தின்றுவிடும். மோட்டாரைத் தூக்கி, ஆட்களை ஆழமான பக்கத்துக்கு நகர்த்தி, வந்த வழியே கழியால் தள்ளுங்கள். நகரவில்லையென்றால் நங்கூரத்தை ஆழத்தில் போட்டுக் கயிற்றை இழுக்கலாம். விடுபட்டு மோட்டாரைப் போட்டதும், அதன் பின்னால் பீய்ச்சும் குளிர்விக்கும் நீரைப் பாருங்கள். வழக்கமான வேகத்தில் வரவில்லையென்றால் உடனே அணைத்து நங்கூரமிட்டுவிட்டு அடைப்பை எடுங்கள்.